அண்ணன் கவிதையை நடிகர் வாசித்த ஞாயிறு

1

எனக்காக ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபமே அழுதது. நான் உயிரோடுதான் இருந்தேன். இங்கிலாந்தில், லெஸ்டர் ஊரில், எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் போனைச் சாய்த்து வைத்து, அவர்கள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, உனக்குத்தான் இம்புட்டுப் பேரும் அழுதாகளா? இருக்கும்போதே பாத்துக்கோ, எல்லாருக்கும் இந்தக் குடுப்பினை வராது" என்றார் என் வீட்டுக்காரர். அவர் இங்கே ஓர் உணவகத்தில் சமையல்காரர். எதையும் சிரிப்பாக்கிவிடுவார்.

நான் சிரிக்கவில்லை. என் கண் மண்டபத்தின் முன்வரிசையில் இருந்தது. அங்கே என் அண்ணன் குருசாமி உட்கார்ந்திருந்தார். அந்தக் கவிதை அவர் எழுதியது. அதைப் படித்து எல்லாரையும் அழவைத்தவர் ஒரு சினிமா நடிகர். மண்டபமே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, அண்ணன் மட்டும் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார், என்ன நடந்துவிட்டது என்று தெரியாதவர்போல.

அவருக்குத் தெரியாதுதான். அண்ணனுக்குக் காது கேட்காது.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாக எனக்குச் சொல்லிவிட்டார்கள். என் பங்குக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் பேச வராது எனக்கு. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

2

நாங்கள் தளவாய்புரம் பக்கம். அண்ணன் பள்ளிக்கூடம் முடித்ததும் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு நானும் அதே மில்லில் கோன் சுற்றும் பிரிவில் சேர்ந்தேன். என் கல்யாணம் வரைக்கும் அங்கேதான் இருந்தேன்.

மில்லுக்குள் போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. போட்டுப் பிரயோசனம் இல்லை. மிஷின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் குரலே இல்லாமல் வாயை மட்டும் நன்றாகத் திறந்து, உதட்டை அழுத்தி அழுத்திச் சொல்வோம். எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். சாப்பிட்டாச்சா என்பதில் இருந்து, மேஸ்திரி வாரான் என்பதுவரை எல்லாமே அப்படித்தான். மாப்பிள்ளை பார்த்த கதை, மாமியார் கதை எல்லாம் நூறடி தள்ளி நின்றுகொண்டு பேசியிருக்கிறோம். வெளியில் இருந்து பார்த்தால் மீன் தொட்டி மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் அதற்கு மில்லுப் பேச்சு என்று பெயர். அந்தப் பேச்சில் ஒருவருக்குக் கோபம் வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வார். இனி உன்னோடு பேச்சில்லை என்று அர்த்தம். அதைவிடப் பெரிய கோபம் முதுகைக் காட்டுவது.

அண்ணனுக்கு நூற்புப் பிரிவில் வேலை. இரண்டு மிஷின்களுக்கு நடுவே உள்ள சந்தில் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும். எங்கே நூல் அறுந்திருக்கிறதோ அங்கே நின்று ஒட்ட வேண்டும். மறுபடி நடை. அடுத்த சந்தில் அருள்ராஜ் அண்ணன் இதே போல நடந்துகொண்டிருப்பார். இருவரும் சந்துக் கோடியில் ஒரு நொடி எதிரெதிரே வருவார்கள். அந்த ஒரு நொடியில் அண்ணன் தன் கவிதையின் ஒரு வரியைச் சொல்வார். அடுத்த சுற்றில் அடுத்த வரி.

நூலகத்தில் புதுக்கவிதைப் புத்தகங்களை வாங்கிப் படித்துப் படித்துத் தானும் எழுத ஆரம்பித்தவர் அண்ணன். எதுகை, மோனை எதுவும் இருக்காது. ஒரு வரியில் மூன்று சொல், நாலு சொல். சில சமயம் ஒரே சொல். சின்னப் பத்திரிகைகளில் வந்தது. படித்தவர்கள் அந்தச் சின்ன வரிகளைப் பற்றி ஏதேதோ எழுதினார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். சந்துக் கோடியில் அருள்ராஜைப் பார்க்கும் நேரத்துக்குள் அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வரிக்கும் வரிக்கும் நடுவில் ஒரு நடை இருக்கும். அந்த நடை முழுக்க அருள்ராஜ் அண்ணன் அந்த வரியோடு போய், நூல் ஒட்டி, அடுத்தது என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வருவார். சில நாள் அண்ணன் வந்து சேர்வதற்குள் இவர் வேறு வரி ஒன்றைச் சொல்லிவிடுவார். "நீ சொன்னதவிட என்னது நல்லாருக்கு, மாத்திக்கோ" என்பார்.

"ஏலே, நீ மாதாகோயில்ல பாட்டுப் படிக்கிறவன். உனக்கெல்லாம் முடிவுல ஒரு ஆமென் வேணும். எனக்கு வேண்டாம்" என்பார் அண்ணன்.

எல்லாம் சத்தமில்லாமல்தான். அண்ணன் கவிதையை அண்ணன் குரலில் கேட்டவர் யாரும் இல்லை. பார்த்தவர்கள் இருக்கிறோம்.

காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தார். ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பது போய்விட்டது. காதுக்கு ஒரு மிஷின் வாங்கினார்கள். இரண்டு நாள் மாட்டிவிட்டுக் கழற்றி வைத்துவிட்டார். "மறுபடியும் மில்லுக்குள்ள போன மாதிரி இருக்கு. நான்தான் ரிட்டையர்டு ஆயிட்டனே" என்றாராம் தன் மனைவியான என் மதினியிடம்.

3

நான் இங்கே ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். விரிப்புகளை ஒரு பெரிய சூடான உருளைக்குள் விடுவோம். அந்தப் பக்கம் தேய்த்து வரும். நானும் எதிரில் ஒரு போலந்துக்காரப் பெண்ணும் மூலைகளைப் பிடித்து மடிப்போம். இங்கேயும் இரைச்சல்தான். வந்த புதிதில் வாய் தானாகவே மில்லுப் பேச்சுக்குப் போய்விட்டது. சூப்பர்வைசர் என்னைத் தனியாக அழைத்துப்போய், உனக்குப் பேச்சு வராதா, வராதென்றால் தப்பில்லை, அதற்குத் தனியாக உதவி உண்டு என்று அன்பாக விசாரித்தார். பேச்சு வரும் என்று சொல்வதற்கு எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன். எந்தப் பக்கம் ஆட்டினேனோ, ரொம்ப நாள் எல்லாரும் என்னிடம் கையாலேயே பேசினார்கள்.

ஒரு விதத்தில் சௌகரியம்தான். சத்தம் வராத இங்கிலீஷில் தப்பு இருந்தால் யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் மளிகைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதை வாய்க்குள் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். என் மகள் நித்யாவுக்கு அது பிடிக்காது. "அம்மா, மத்தவங்க பாக்கிறாங்க" என்பாள். அதை இங்கிலீஷில் சொல்வாள்.

நித்யா இங்கே பிறந்தவள். இப்போது வேலைக்குப் போகிறாள். சாப்பாடு, துணி, குளிர், கோபம், இதற்கெல்லாம் அவளிடம் தமிழ் உண்டு. அதற்கு மேல் கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். அந்தச் சனிக்கிழமைகளில் எனக்கும் வேலை, அவருக்கும் வேலை. கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாமல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணனுக்கு வீடியோ கால் போடுவேன். அவர் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் மகன் கட்டிய வீட்டில் இருக்கிறார். மாடிக்கு ஏறினால் செண்பகத்தோப்புப் பக்கத்து மலை முழுசாகத் தெரியும். அவர் எடுத்ததும் நான் செய்யும் முதல் வேலை மைக்கை அணைப்பது. அண்ணனும் அப்படித்தான். சத்தம் இருந்தால் மதினி நடுவில் வந்துவிடுவார். "சரசு, என்ன கொழம்பு வச்ச? அங்க வெண்டைக்காய் கெடைக்கா?" என்று ஆரம்பித்தால் நிற்காது. அதனால் சத்தத்தை மூடிவிட்டு நானும் அண்ணனும் வாயசைத்தே பேசுவோம். புதிதாக எழுதியது ஏதாவது இருந்தால் சொல்வார். ஒரு வரி சொல்லிவிட்டு மாடியில் கொஞ்சம் நடப்பார். திரும்பி வந்து அடுத்த வரி. பழக்கம் விடவில்லை.

போன வருஷம் மதினி தனியாகக் கூப்பிட்டார். "அவியளுக்குச் சக்கரை கண்ணுல எறங்கிருச்சு சரசு. டாக்டர் ஊசி போடுதாரு. இனிமே கூடாமப் பாத்துக்கலாம், போனது போனதுதாம்னுட்டாரு" என்றார்.

காது போனவருக்குக் கண்தான் காது. அதுவும் போனால் என்று நான் யோசிக்க ஆரம்பித்து, அன்று மூலையைச் சரியாகப் பிடிக்காமல் விரிப்பைக் கசங்கவிட்டேன்.

4

அந்த நேரத்தில்தான் பிரதீப் வந்தான். செட்டியார்பட்டிப் பையன். அவன் அப்பாவும் மில்லில் இருந்தவர். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, ஆனால் மூச்செல்லாம் கவிதை. நம் பக்கத்துக் கவிஞர்கள் சிலருடைய கவிதைகளை நடிகர்களை வைத்து வாசிக்கச் செய்ய வேண்டும், அப்போதுதான் ஜனங்கள் வந்து கேட்பார்கள் என்று நினைத்தான். ராஜபாளையத்தில் மண்டபம் பிடித்தான். நீங்கள் நிறையப் படங்களில் பார்த்திருக்கக்கூடிய ஒரு நடிகரும், சீரியலில் வரும் ஒரு பெண்ணும் ஒப்புக்கொண்டார்கள். பெயர் எதற்கு, இருவரும் நல்லவர்கள்.

அண்ணனுக்குச் சந்தோஷம். அந்த ஞாயிறு வீடியோ காலில் அவர் முகத்தைப் பார்த்தேன். வெகுநாளாக அவரிடம் பார்க்காத முகம். ஆனால் அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது.

"ஏட்டி சரசு, எம்புட்டோ பேர் என் கவிதையப் படிச்சிருக்காக. ஒருத்தர் வாயில இருந்து அது வாரத நான் பாத்ததில்ல, அருள்ராஜு தவிர. கண்ணு தெரியுறப்பவே ஒரு தடவ பாத்துரணும்."

பிரதீப்பிடம் காகிதத்தில் எழுதிக் காட்டிச் சொல்லிவிட்டார், வாசிக்கிறவர் என் முன்னால் நிற்கட்டும், வாய் தெரியட்டும் என்று. அவனும் சரி என்றிருக்கிறான். அப்புறம் அண்ணன் என்னைப் பார்த்து, "நீ வா. எனக்கு எதுத்தாப்ல ஒக்காரு. அவுக வேகமாப் படிச்சாலும் நீ எனக்கு மெதுவாச் சொல்லிருவேல்ல" என்றார்.

"வாரேன்" என்றேன். லீவும் கேட்டுவிட்டேன்.

என் பாஸ்போர்ட் அப்போது புதுப்பிக்கப் போயிருந்தது. அதில் என் பெயர் சரஸ்வதி என்று ஒற்றையாக இருந்தது. நம் ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டால் போதும். இங்கே குடும்பப் பெயர் என்று ஒன்று வேண்டும். ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் பெயரைக் குடும்பப் பெயராக எழுதியிருந்தார்கள். வங்கியில் என் அப்பா பெயர். பாஸ்போர்ட் அலுவலகத்தில் இருந்து, இந்த மூன்று பெண்களும் ஒருவர்தான் என்று காட்டும்படி கேட்டு எழுதினார்கள். காட்டினேன். இன்னும் ஒன்று கேட்டார்கள். அதையும் காட்டினேன். போனில் கூப்பிட்டால் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து ஆள் வரும்போது எனக்கு இங்கிலீஷ் போய்விடும்.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறு அண்ணனிடம் சொன்னேன். "பாஸ்போர்ட் வரலண்ணே."

அவர் செத்த நேரம் மலைப்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பி, "போன்ல வா. பிரதீப்பு பெரிய திரை போடுதானாம்" என்றார்.

5

நடிகர் வாசித்த அந்தக் கவிதையை இங்கே எழுதிவிடுகிறேன். சின்னதுதான்.

தங்கச்சி ஏறிய பஸ்
கிழக்கே போனது.
மலை
மேற்கே இருக்கிறது.
நான்
மலையையே பார்த்துக்கொண்டு
நிற்கிறேன்.

அவ்வளவுதான். நான் இங்கிலாந்துக்குக் கிளம்பிய அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் கண்ணாடி சிக்கிக்கொண்டு திறக்கவில்லை. கண்ணாடிக்குள் இருந்து "போயிட்டு வாரேண்ணே" என்று வாயசைத்தேன். அண்ணன் பார்க்கவில்லை. முதுகைக் காட்டி மலைப்பக்கம் திரும்பி நின்றார். வண்டி நகர்ந்து, பஸ் ஸ்டாண்டை விட்டுத் திரும்பும்வரை நான் வாயசைத்துக்கொண்டே இருந்தேன். மதுரை வரைக்கும் எனக்குக் கோபம். பின்னாளில் இந்தக் கவிதையை வீடியோ காலில் அவர் சொன்னபோதுதான் கோபம் போனது. முகத்தைப் பார்த்தால் பேச வேண்டி வரும். அவரால் முடிந்திருக்காது.

முதலில் அந்தச் சீரியல் பெண் அண்ணனுடைய வேறொரு கவிதையைப் படித்தார். மில் சங்கு ஊதி ஊர் எழுந்திருக்கும்போது தான் மட்டும் படுக்கப் போவதாக ஒரு தொழிலாளி சொல்வது. சாதாரணமாக, கொட்டாவி விட்டுக்கொண்டு சொல்வதுபோல அண்ணன் எழுதியிருப்பார். அந்தப் பெண் கூட்டத்தின் நாலு பக்கமும் திரும்பித் திரும்பி, கையை உயர்த்தி மேடைப் பேச்சுபோல முழங்கினார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அண்ணனும் மற்றவர்களைப் பார்த்துத் தட்டினார்.

அடுத்து நடிகர் வந்தார். நல்ல உயரம். மண்டபம் அமைதியானது. "ஓர் அண்ணன், தன் தங்கையை இழந்த வலியில் எழுதியது" என்றார். யாரும் அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. கவிதையைப் படித்தார், அவருக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. பின்னால் யாரோ புல்லாங்குழல் வாசித்தார்கள். "தங்கச்சி..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். மறுபடி, "தங்கச்சி..." என்றார். குரல் உடைந்தது. "மலை" என்ற ஒரு சொல்லை மலை உயரத்துக்கு இழுத்தார். கடைசி வரியில் "நிற்கிறேன், நிற்கிறேன், நிற்கிறேன்" என்று மூன்று தடவை சொல்லி முகத்தை மூடிக்கொண்டார்.

பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். மதினி தேம்பினார். அந்தத் தங்கச்சியோடு முந்தின வாரம்தான் வெண்டைக்காய் விலை பேசியவர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. இது அண்ணன் சொன்ன கவிதை இல்லை என்று தெரிந்துகொண்டே அழுதேன். என் பக்கத்தில் நித்யாவும் அழுதாள். அந்தக் குரல் என்னமோ செய்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அண்ணன்?

நடிகர் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்திருந்தார். குரல் அடக்கமாக வர அப்படிப் பிடிப்பார்களாம். முன்வரிசையில் இருந்து பார்த்தவருக்கு அந்தக் கறுப்பு மைக்தான் தெரிந்திருக்கும். அண்ணன் ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தார். மறுபக்கம் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். பிரதீப்பைத் தேடினார். அவன் மேடையின் ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணன் பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்த மண்டபத்தில் அந்தக் கவிதை போய்ச் சேராத ஒரே ஆள் அவர்தான்.

நான் அங்கே இருந்திருந்தால் எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

6

நடிகர் கண்ணைத் துடைத்துவிட்டு இறங்கியதும் பிரதீப் மைக்கை வாங்கினான். "ஒரு சந்தோஷமான செய்தி. இந்தக் கவிதையில் வரும் தங்கச்சி நலமாக இருக்கிறார். இதோ, லெஸ்டரில் இருந்து நம்மோடு இணைந்திருக்கிறார்" என்றான்.

மண்டபம் முழுக்க என் முகம். நெற்றியில் எண்ணெய் வழிய, பின்னால் குக்கரோடு. கூட்டத்தில் முதலில் ஒரு திகைப்பு. அப்புறம் சிரிப்பு. "அட, இருக்காளா" என்று ஒரு பொம்பளைக் குரல் தெளிவாகக் கேட்டது. அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

"நாலு வார்த்தை பேசுங்க அக்கா" என்றான் பிரதீப்.

எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. எல்லாருக்கும் நன்றி என்று ஒரு வாக்கியத்தை வாய்க்குள் அசைத்துப் பார்த்தேன். அப்போது முன்வரிசையில் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரிய திரையில் என் வாய். மைக் இல்லை, கை இல்லை, எதுவும் மறைக்கவில்லை. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, சந்துக் கோடியில் அருள்ராஜைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

எனக்கு நன்றி மறந்துவிட்டது.

"தங்கச்சி ஏறிய பஸ்" என்றேன். வாயால் மட்டும்.

நிறுத்தினேன். ஒரு நடை நடந்து திரும்பும் நேரம் விட்டேன்.

"கிழக்கே போனது."

மண்டபத்தில் சலசலப்பு. "கேக்கல, கேக்கல" என்றார்கள். "அக்கா, உங்க மைக் ஆஃப்ல இருக்கு" என்று பிரதீப் பதறினான். அது என் காதில் விழுந்தது. ஆனால் அண்ணன் தலையை ஆட்டினார், ம், அடுத்தது என்று. அவருக்குக் கேட்டுவிட்டது.

"மலை" என்றேன்.

"நெட்டு கட்டாயிருச்சுப்பா, அடுத்த ஆளக் கூப்புடு" என்றார் யாரோ. அப்போது பின்வரிசையில் இருந்து அருள்ராஜ் அண்ணன் எழுந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, ஆனால் குரல் மாதாகோயில் குரல்தான். "ஏலே, செத்த நேரம் சும்மா இருங்கடே! அந்தப் பிள்ள சொல்லிக்கிட்டு இருக்கு, தெரியல?"

எல்லாரும் அடங்கினார்கள். மரியாதைக்காக அடங்கியவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு நான் கண்ணாடிக்குப் பின்னால் வாயைத் திறந்து மூடும் ஒரு பொம்பளை. அங்கங்கே பழைய மில் ஆட்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்குப் புரிகிறது என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

கடைசி வரிக்கு வந்தபோது அண்ணனும் என்னோடு சேர்ந்து உதட்டை அசைத்தார். முடிந்ததும் அவர் கைதட்டவில்லை. கையை லேசாக உயர்த்தி, நூல் ஒட்டிவிட்டேன் என்று மில்லில் காட்டுவதுபோல இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

"அம்மா, நீ மியூட்ல இருந்தே" என்றாள் நித்யா. ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். வீடியோ காலில் சேர்ந்ததும் கை தானாக மைக்கை அணைத்திருக்கிறது. ஆனால் மைக் போட்டிருந்தாலும் ஒன்றும் கேட்டிருக்காது. நான் குரலே கொடுக்கவில்லை.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

7

அதன்பிறகு ஒரு வாரம் போன் ஓயவில்லை. மதினி சொன்னார்: "டிவில வாரவரு நம்ம வீட்டுல வந்து தோசை சாப்பிட்டாரு சரசு. என்ன ஒரு கொரலு! அவியளுக்குக் கேக்காமப் போச்சே. ஆமா, உன் நெட்டு ஏன் அப்படிப் பண்ணுச்சு?" ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர், இதையெல்லாம் கவிதை என்று இதுவரை ஒப்புக்கொண்டதில்லை, நடிகர் படித்த பிறகு ஒப்புக்கொள்கிறேன் என்று மதினியிடம் சொன்னாராம். என் வீட்டுக்காரர், "பஸ்ஸு கெழக்க போச்சு, மல மேற்க இருக்கு. இதுல அழுவ என்ன இருக்குன்னு எனக்கு வெளங்கல. ஆனா அந்தாளு அழுதப்ப நானும் மூக்கச் சிந்துனேன். அப்ப கவிதை நல்லதா, அந்தாளு நல்லவரா?" என்றார். அவர் கேட்டதிலேயே இதுதான் நல்ல கேள்வி என்று நினைக்கிறேன்.

அருள்ராஜ் அண்ணனிடம் நானே கேட்டேன்.

"நல்லாத்தாம்மா படிச்சாரு. ஆனா அவரு சுத்து வரல. நின்ன எடத்துலயே நின்னுட்டாரு. ஒரு வரிய வச்சுக்கிட்டு நடந்தாத்தான அடுத்த வரி எங்க இருக்குன்னு தெரியும்?"

பிரதீப் எல்லாவற்றையும் படம் எடுத்து இணையத்தில் போட்டான். நான் வந்த பகுதியை வெட்டிவிட்டான். "சவுண்டு இல்லாததால வேற வழி தெரியல அக்கா, மன்னிச்சிருங்க" என்று நொந்துகொண்டான். அவன் மேல் தப்பில்லை. சத்தம் இல்லாததை எப்படி இணையத்தில் போடுவது? நடிகர் வாசித்ததை ரொம்பப் பேர் கேட்டிருக்கிறார்கள். இனி அந்தக் கவிதை என்றால் அந்தக் குரல்தான். அதில் நான் செத்துப்போனவள்.

நித்யா அதைப் போனில் வைத்திருக்கிறாள். வேலைக்குப் போகும் பஸ்ஸில் கேட்கிறாள். ஒருநாள் கேட்டாள், "மாமா எப்பவும் இவ்வளவு சோகமா இருப்பாரா?"

"அவரா? மில்லுலயே அவரு மாதிரி கேலி பண்ண ஆள் கெடையாது" என்றேன்.

"அப்ப அன்னிக்கு நீ பண்ணின மாதிரி எனக்குச் சொல்லிக் காட்டு."

சந்தோஷமாக நாற்காலியை இழுத்துப் போட்டேன். எதிரெதிரே உட்கார்ந்தோம். முதல் வரியைச் சொன்னேன். அவள் என் உதட்டையே பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். இன்னொரு தடவை, மெதுவாக, கடைசி வரிவரைக்கும் சொன்னேன். பஸ் மட்டும் புரிந்தது, அது இங்கிலீஷ் சொல். கிழக்கு, மேற்கு இரண்டும் அவளிடம் இல்லை. உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள, அந்தச் சொல் முதலில் நமக்குள் இருக்க வேண்டும். அதை நான் அவளுக்குள் வைக்கவில்லை.

"பரவாயில்லம்மா" என்று என் கையைத் தட்டிவிட்டுப் போனாள். காதில் மறுபடி அந்தக் குரலை மாட்டிக்கொண்டாள். ஒன்றும் இல்லாததற்கு அந்தக் குரலாவது அவளிடம் இருக்கிறதே என்றும் தோன்றியது.

8

நேற்று ஞாயிறு. அண்ணன் மாடியில் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் போனை முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். எனக்கு அவருடைய ஒரு கண்ணும் பாதி வாயும்தான் தெரிகிறது.

"ஏட்டி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு அந்த நடிகரு எப்படிச் சொன்னாரு?"

"நல்லாச் சொன்னாருண்ணே. எல்லாரும் அழுதாக."

"அதான் எனக்கு வெளங்கல. எதுக்கு அழுதாக?"

"நான் செத்துப்போயிட்டேன்னு நெனச்சு."

அண்ணன் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மைக் அணைந்திருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் பெரிய சத்தமாகத்தான் இருந்திருக்கும். கீழே இருந்து மதினி படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை மறுபடி கிட்டத்தில் கொண்டுவந்தார்.

"அது கெடக்கட்டும். நீ எப்ப வாரே?"

பாஸ்போர்ட் வந்துவிட்டது. கூட்டம் முடிந்த மறுவாரமே வந்தது. பீரோவில் இருக்கிறது. அந்த லீவைப் பிறகு என் வீட்டுக்காரரின் முழங்கால் ஆபரேஷனுக்கு எடுத்துவிட்டேன். அடுத்த லீவு நித்யா புது வீட்டுக்குப் போகும்போது வேண்டும். அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. இந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷம் என்று சொல்லலாம். அடுத்த வருஷம் அவருக்கு என் உதடு தெரியுமா என்பது தெரியாது. இதை எந்த வாயசைப்பில் சொல்வது?

மேசையில் தேநீர்க் கோப்பை இருந்தது. எடுத்து வாயில் வைத்தேன்.

அண்ணன், நான் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார். அவருக்குப் பின்னால், திரையின் மூலையில், மலை இருந்தது. இந்தத் தடவை அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேநீர் தீர்ந்துவிட்டது. நான் கோப்பையை இறக்கவில்லை.